கட்டி அறுக்காத எம்.எஸ்.

நான் ஓசூருக்கு வாழ வந்தபோது என் கணவர் எம்.பி.பி.எஸ். ‘வெறும் எம்.பி.பி.எஸ்.’ என்ற பேச்சு அப்போது எங்கள் வீட்டில் கிடையாது; பிற்பாடுதான் வந்தது. கடைவீதியில் இரண்டு அறை எடுத்து வைத்தியம் பார்த்தார். வலியைத் தெலுங்கில் சொன்னால் தெலுங்கில் கேட்பார், கன்னடத்தில் சொன்னால் கன்னடத்தில் திட்டுவார். காய்ச்சல், பேதி, தேள்கடி, மாடு முட்டியது, மரத்திலிருந்து விழுந்தது எல்லாம் வரும். கட்டி என்று வந்தால் கத்தியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அறுத்துவிடுவார். வந்தவன் அலறி முடிப்பதற்குள் கட்டுப் போட்டாகியிருக்கும். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது.

அவரைக் கெடுத்தது ஒரு மத்தியானச் சாப்பாடு. அவரோடு படித்த ஒருவர் சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார். புதிதாக எம்.எஸ். வாங்கியிருந்தார். சாப்பிடும்போது அந்த இரண்டு எழுத்தைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் இருந்த பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து, “இன்னும் இதேதானா?” என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

என் மாமனார் அன்று ஊரிலிருந்து வந்திருந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவருக்கு நிலம். யானை விட்டுவைத்த வருஷங்களில் ராகியும் அவரைக்காயும் நன்றாக விளையும். எம்.எஸ். என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தன் மகனிடம் இல்லாத ஒன்று இன்னொருவன் மகனிடம் இருக்கிறது என்பது மட்டும் பளிச்சென்று புரிந்துவிட்டது.

“அது என்னா படிப்புடா?”

“அறுவை வைத்தியத்துல மேல்படிப்புப்பா.”

“இப்பவே நீ அறுத்துக்கினுதானே இருக்கிற?”

“இது வேற, அது வேற.”

“அப்பிடின்னா அதையும் படிச்சிப்புடு” என்றார் மாமனார், இன்னொரு ஜோடி உழவு மாடு வாங்கச் சொல்வதுபோல.

என் கணவர் வைத்தியசாலையைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போனார். நான் மாமனார் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை தேர்வில் தவறிவிட்டார். பரீட்சை வைத்தவர்களுக்கு ஆகாத ஒரு பேராசிரியரிடம் படித்ததுதான் காரணம் என்று கடிதம் எழுதினார். அடுத்த தடவைக்கு வேறொரு பேராசிரியரிடம் ஒட்டிக்கொண்டார். அந்தப் பேராசிரியருக்குக் கிருஷ்ணகிரி மாம்பழம் பிடிக்கும் என்று தகவல் வந்ததும், மாமனார் வைக்கோல் போட்டுக் கூடை கூடையாக ரயிலில் அனுப்பினார். கூடைக்கு வாய் கட்டியது நான்தான். அந்தத் தடவை தேறிவிட்டார். மாம்பழத்தால் தேறினார் என்று நான் சொல்ல மாட்டேன். படித்தும்தான் இருப்பார்.

இதற்கிடையில் ஓசூரில் மிச்சமிருந்த இன்னொரு வைத்தியருக்கும் அரிப்பு எடுத்துவிட்டது. அவர் எல்.எம்.பி.; கல்லூரிப் பட்டம் இல்லாமல் மருத்துவப் பள்ளியில் படித்து வந்தவர். எல்லா வியாதிக்கும் ஒரே சிவப்பு மருந்தைக் கலக்கிக் கொடுத்து நன்றாகச் சம்பாதித்தவர். எல்.எம்.பி.காரர்களும் சுருக்கமாகப் படித்து எம்.பி.பி.எஸ். ஆகலாம் என்று அப்போது வழி திறந்திருந்தது. நரைத்த தலையோடு அவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிவிட்டார். ஒருவர் எம்.பி.பி.எஸ். போதாதென்று போனார், இன்னொருவர் அது வேண்டுமென்று போனார். ஊரில் காய்ச்சல் கண்டவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்தார்கள்.

என் கணவர் திரும்பிய அன்று பஸ் நிற்கும் இடத்தில் மாமனார் மேளம் வைத்திருந்தார். மாலையோடு கடைவீதி முழுக்க நடத்தி அழைத்து வந்தார்கள். புதிய பலகையில் அவர் பெயரைவிட எம்.எஸ். பெரிதாக இருந்தது. பின்னறையை இடித்து வெள்ளை ஓடு பதித்து, பெங்களூரிலிருந்து பெரிய விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஆபரேஷன் தியேட்டராம். மயக்கமருந்து கொடுக்க ஆள் கிடையாது, நர்ஸ் கிடையாது. காலையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அந்த விளக்குக்கு அடியில் உட்கார்ந்து ஆங்கிலப் புத்தகம் படிப்பார். காய்ச்சல் என்று வருகிறவர்களிடம், “இது மெடிக்கல் கேஸ். நான் சர்ஜன்” என்பார். அவர்கள் ஒன்றும் புரியாமல் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வெளியே போய் அதையே பெருமையாகவும் பேசுவார்கள். நம்மைப் பார்க்காத டாக்டர் எவ்வளவு பெரிய டாக்டராக இருக்க வேண்டும்!

அப்போதுதான் மாமனாருக்குக் கட்டி வந்தது. உட்காருகிற இடத்தில். சீழ் கோத்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் மல்லாந்து படுக்கவும் முடியாமல், மாட்டு வண்டியில் குப்புறப் படுத்துக்கொண்டே ஓசூர் வந்து சேர்ந்தார். வலியிலும் முகத்தில் ஒரு களை. மகன் பட்டம் வாங்கி முதலில் கத்தி வைக்கப்போவது தன் மேல்தான் அல்லவா?

என் கணவர் தள்ளி நின்று பார்த்தார்.

“இது மைனர் கேஸ்ப்பா. அங்கெல்லாம் இதைச் சின்ன டாக்டருங்கதான் செய்வாங்க.”

“யாராச்சும் செய்யட்டும்டா. உசுரு போவுது.”

“மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. அதோட சொந்தக்காரங்களுக்குக் கத்தி வைக்கக்கூடாது. அது எங்க முறை.”

நான் கதவோரம் நின்றிருந்தேன். “ஏங்க, முன்னெல்லாம் இதையே எத்தனை பேருக்கு அறுத்திருக்கீங்க?” என்றேன்.

“அப்போ எனக்கு ஆபத்து தெரியாது” என்றார்.

ஆபத்து தெரிந்துகொள்ளவா அத்தனை வருஷம்? எனக்கு அப்போது பட்டது இதுதான்: அவருக்குப் பயம். எம்.பி.பி.எஸ். அறுத்துப் புண் புரையோடினால் அது தலைவிதி, எம்.எஸ். அறுத்துப் புரையோடினால் பலகைக்குக் கேவலம். பலகையைக் காப்பாற்ற ஒரே வழி கத்தியைத் தொடாமல் இருப்பது.

“அப்போ சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் மாமா” என்றேன்.

“எம்.எஸ்.ஸைப் பெத்த அப்பன் அங்க போயி வரிசையில குந்துறதா?” என்று சீறினார் மாமனார். குந்த முடியாது என்பதை அவரே மறந்துவிட்டார்.

கடைசியில் ஊர்க்காரர்கள் யாரும் பார்க்க முடியாத பெங்களூருக்கு வாடகைக் கார் பிடித்தோம். மாமனார் பின் ஸீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டார். அவர் தலை என் மடியில். முன்னால் என் கணவர், கையில் புத்தகத்தோடு. ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதும், கூடப் படித்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவர் இறங்கவேயில்லை. உள்ளே மீசை அரும்பிய ஒரு டாக்டர், மாமனாரிடம் கன்னடத்தில் மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டே அறுத்து, சீழை வெளியேற்றித் துணி திணித்துக் கட்டி அனுப்பினார். நாங்கள் வெளியே வந்தபோது என் கணவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.

ஓசூர் திரும்பியதும் கடைவீதிக்காரர்கள் காரைச் சூழ்ந்துகொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

“எம் பையந்தான் அறுத்தான்” என்றார் மாமனார், படுத்தபடியே. “எறும்பு கடிச்சாப்பல கூட இல்லை.”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பொய்க்குப் பலன் சந்தை நாளில் வந்தது. கட்டி, கொப்புளம், நகச்சுற்று என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். என் கணவர் ஒருவரையும் தொடவில்லை. முன்னால் நின்றவள் ஒரு களையெடுக்கிறவள். கெலவரப்பள்ளியிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அக்குளில் கட்டி, கையை இறக்க முடியாமல் தூக்கியபடியே நின்றாள்.

“பெரியவருக்கு அறுத்தீங்களாமே சாமி. எனக்கு மட்டும் ஏன் மாட்டேங்கிறீங்க? நாங்க தோட்டத்து ஆளுங்கன்னா?”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் இறங்கி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்:

“பெரியவருக்கு இவர் அறுக்கலைம்மா. பெங்களூர்ல அறுத்தது. நீ இங்க நின்னு பிரயோசனம் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போ, அங்க அறுப்பாங்க.”

கூட்டம் மெல்லக் கலைந்தது. யாரோ தெலுங்கில் ஏதோ சொன்னார்கள், சிலர் சிரித்தார்கள்.

அன்று வீட்டில் பெரிய ரகளை. “என் மானத்தை வாங்கிட்டே” என்றார் கணவர். “நீங்க கதவைச் சாத்தினப்பவே அது போயிடுச்சு” என்றேன். மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது பொய் என்பது அவரைக் கொஞ்சமும் உறுத்தவில்லை. மருமகள் உண்மையைச் சொன்னதுதான் உறுத்தியது.

சில மாதங்களில் என் கணவர் சென்னையில் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். அங்கே அவருக்கு ஒத்துப்போயிற்று. கத்தி வைப்பதைவிட, கத்தி எப்படி வைக்க வேண்டும் என்று பேசுவது அவருக்கு நன்றாக வந்தது. பிறகு பரீட்சை வைக்கிறவராகவும் ஆனார். சாப்பிட உட்காரும்போது, அன்று பரீட்சையில் தவறவைத்த பையன்களைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்.

நானும் பின்னால் சென்னைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? சமைத்தேன், பிள்ளைகளைப் பெற்றேன், அவர் கோட்டுக்குக் கஞ்சி போட்டேன். அவர் மேல் இருந்த மரியாதை மட்டும் எனக்குத் திரும்பி வரவில்லை. அது குறைந்திருந்ததை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.