மின்னிதழ்ப் பூட்டும் சந்தேகப் பேர்வழிகளும்

பல்கலைக்கழக நூலகத்தில் மின்னிதழ் உரிமம் பார்க்கிற வேலை என்றால், காலைக் கோப்பி ஆறுவதற்குள் யாராவது ஒருவரைச் சந்தேகப்பட்டாக வேண்டும். நீங்களும் ஏதோ ஒரு செயலியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானைப் படிக்காமல் அழுத்தியவர்தானே? படித்துவிட்டு அழுத்துகிறவள் நான். பாவம் இருவருக்கும் ஒன்றுதான். நெடுங்காலம் மெல்பர்னில் இருந்துவிட்டு, என் நாற்பதுகளின் கடைசியில் சிங்கப்பூருக்கே, நான் வளர்ந்த புக்கிட் பாத்தோக்கிற்கே திரும்பி வந்தேன். ஊர் மாறியிருந்தது. ஒப்பந்தங்கள் மட்டும் அங்கே பார்த்த அதே வரிகளோடு எனக்காகக் காத்திருந்தன.

இலை போட்டுக் கேட்ட கேள்வி

ஜெகன் ஒரு மின்னிதழ் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி, பூன் லேயில் வளர்ந்தவன். உரிமம் புதுப்பிக்கும் காலம் வந்தால் அவனுக்கு என்மேல் பாசம் பொங்கும். லிட்டில் இந்தியாவுக்கு வாழை இலைச் சாப்பாட்டுக்கு அழைப்பான். போவேன், என் சாப்பாட்டுக்கு நானே கொடுத்துவிடுவேன். ஓசிச் சோறு ஒப்பந்தத்தின் ஏதாவது ஒரு வரியில் திரும்பி வரும் என்பது என் நம்பிக்கை.

நூலகம் ஆய்வு இதழ்களை வாங்குகிறது என்றா நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் வாடகைக்குத்தான் எடுக்கிறோம். அச்சிட்டு வந்த காலத்தில் சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழ்கள் அலமாரியில் இருந்தன. இப்போது நிறுத்தினால் பழையதும் சேர்ந்தே மறைந்துபோகலாம். “நிறுத்தினா பழசு எங்ககிட்ட இருக்குமா, இருக்காதா? அதை மட்டும் எழுத்துல குடு” என்றேன். ஜெகன் மீன் குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளினான்.

“அக்கா, முதல்ல இந்த மீன் தலையக் கவனிங்க லா, ஒப்பந்தம் எங்கயும் ஓடிடாது.”

அகர வரிசைத் திருடன்

அடுத்த வாரமே ஒரு காலையில் ஜெகனின் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல். எங்கள் வளாகத்திலிருந்து யாரோ கட்டுரைகளை மூட்டை மூட்டையாகப் பதிவிறக்குகிறார்களாம். அதனால் வளாகம் முழுவதற்கும் இதழ்களின் கதவை மூடிவிட்டார்களாம். அதுவும் ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில்! நூலக முகப்பில் கூட்டம் கூடிவிட்டது. நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். கடவுச்சொல்லைக் கடன் கொடுத்த பேராசிரியரோ? இன்னும் உள்ளே நுழையத் தெரிந்த பழைய மாணவரோ? சாப்பாடு முடிந்த கையோடு இது நடந்ததால், ஜெகனையும் விட்டுவைக்கவில்லை.

கணினிப் பதிவுகளைப் பார்க்கும் சக ஊழியர் மேகலா ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்: நிஷா என்ற முனைவர் பட்ட மாணவி. “திருடி மாட்டிக்கிட்டா” என்றேன். மேகலா திரையை என் பக்கம் திருப்பினாள். அகர வரிசையில், இதழ் வாரியாக, வருட வாரியாக, ஒன்றுகூட விடாமல் எடுத்திருந்தாள் நிஷா.

“அக்கா, திருடுறவ இவ்வளவு ஒழுங்காவா எடுப்பா? நம்ம அலமாரிகூட இப்படி இல்லையே.”

படிக்காத வாசகி

நிஷாவின் குடும்பம் லிட்டில் இந்தியாவில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருப்பது. நான் கூப்பிட்டு வந்தவள் உட்காரவே இல்லை. முதியவர்களின் வலியை மருத்துவ இதழ்கள் எந்தெந்தச் சொற்களால் எழுதி வந்திருக்கின்றன என்பது அவள் ஆய்வு. அந்தச் சொற்களைக் கணினி எண்ணித் தர வேண்டுமானால் எல்லாக் கட்டுரைகளும் வேண்டும். இதற்கிடையில், இந்த உரிமம் புதுப்பிக்கப்படாமல் போகலாம் என்று எங்கள் நூலகம் அறிவிப்பு அனுப்பியிருந்தது. கதவு மூடுவதற்குள் எடுத்துவிடலாம் என்று எடுத்திருக்கிறாள். எங்களை அவள் நம்பவில்லை. அவளை நிறுவனம் நம்பவில்லை.

இயந்திரம் வைத்து இறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. மீறல் என்று முடிவானால் ஒழுங்கு விசாரணை. அந்த மாதம் ஆய்வேடு கிடையாது, உதவித்தொகையும் நின்றுவிடும். “யாருக்காவது நகல் குடுத்தியா? தோழிக்கு? வேற பல்கலைக்கழகத்துக்கு?” விதவிதமாகக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றாள். கடைசியில் கண் கலங்கிவிட்டது.

“மேடம், நானே அதுல பாதியக்கூடப் படிக்கல, கம்ப்யூட்டர்தான் படிச்சுச்சு, அடுத்தவங்களுக்குக் குடுத்து என்ன செய்யச் சொல்வேன்?”

ஒப்பந்தத்துக்கு மேலே ஒன்று

அந்தப் பதில்தான் அவளைக் காப்பாற்றியது. நம் ஊர்ப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: முறையான அனுமதியோடு உள்ளே வந்த ஒருவர், கணினிப் பகுப்பாய்வுக்காக நகல் எடுக்கலாம். அந்த உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது. ஆனால் நகலை ஊருக்கெல்லாம் விநியோகிக்கக் கூடாது.

ஜெகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “எங்க ஒப்பந்தம் வெளிநாட்டுச் சட்டப்படி அக்கா” என்றான். அப்படி நழுவப் பார்ப்பவர்களுக்கும் சட்டம் ஒரு பிரிவு வைத்திருக்கிறது என்று காட்டினேன். நான் நிஷாவிடம் கேட்ட கேள்விகளையே என்னிடம் அதே வரிசையில் கேட்டான். அவள் பதிலையே சொன்னேன். வெளியே போய் யார் யாரிடமோ நீண்ட நேரம் பேசினான். மறுநாள் மதியம் கதவு திறந்தது.

“அக்கா, அந்தப் பிரிவ யாராச்சும் படிச்சிருப்பாங்கன்னு எங்க ஆபிஸ்ல யாரும் நினைக்கல.”

நன்றி சொல்ல வந்தவள்

நிஷா குறித்த தேதிக்குள் சமர்ப்பித்துவிட்டாள். சில மாதங்கள் கழித்து, பட்டம் உறுதியான கையோடு, ஒரு டப்பா லட்டுடன் வந்தாள். லட்டையும் ஒரு கணம் சந்தேகமாகத்தான் பார்த்தேன், பழக்க தோஷம். அவள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத் தளத்தில் எல்லோரும் படிக்கும்படி ஏற்றப்போகிறோம் என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“மேடம், யாரும் கம்ப்யூட்டர் வச்சு என்னோடத மொத்தமா இறக்கிடாதபடி ஒரு பூட்டுப் போட முடியுமா?”

பூட்டுக்கு வெளியே நிற்கிற வரைக்கும்தான் நாமெல்லாம் திறந்த மனசுக்காரர்கள்.