பூஜைக்கு அடித்த பச்சை பெயின்ட்

அந்தப் புரட்டாசியில் நாங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். இன்னொரு குழந்தையைப் பற்றி நாங்கள் திட்டம் எதுவும் போட்டதில்லை. வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டதில்லை. ஆவடியில் நான் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், வேண்டாம் என்றால் தள்ளிப்போடாதீர்கள், உடம்புக்குச் சிரமம் என்றார். அதற்கு மேல் அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

வீட்டில் பேச ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. என் கணவருக்கு வேலை இருக்குமா?

அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் மில்லிங் மெசின் ஓட்டிக்கொண்டிருந்தார். லாரிகளுக்கான உதிரிபாகங்களைக் கடைந்து அனுப்பும் பட்டறை. பாதிக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகும். வாங்கும் நாடு இறக்குமதி வரியை ஏற்றியதும் ஆர்டர் குறைந்தது. நான் அதற்கு முன்பே வேலையை இழந்திருந்தேன். ஒரு நாளிதழில் புறநகர்ப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கங்களை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்தேன். வேலை வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

பொருளாதார மந்தநிலை என்ற சொல்லை நான் பல வருடம் தலைப்புகளில் வைத்திருக்கிறேன். நீளமான சொல், ஒற்றைப் பத்திக்குள் அடங்காது. அதனால் 'மந்தம்' என்று சுருக்குவோம். அப்போது அந்தச் சொல்லால் வேறு எந்தத் தொந்தரவும் எனக்கு இருந்ததில்லை.

ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருவுக்கு அந்த மந்தம் ஆடியிலேயே தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஆடியிலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றி, அன்று மாலை மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். அந்த வருடக் கூட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எழுந்தார். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"பிள்ளைக படிக்கணும்லா. இந்த வருசம் கச்சேரி வேண்டாம். கூழ் மட்டும் ஊத்துவோம்" என்றார்.

"ஆடி மாசத்துல இன்னா சார் பரீச்ச?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டெஸ்ட்டு வைப்பாவல்லா? உம்ம புள்ள எழுதுதானா இல்லையான்னு போயி பாரும்வே."

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் எந்தப் பாடகி வருவார் என்று சண்டை போட்டவர்கள் அவர்கள். கூட்டம் இத்தனை சீக்கிரம் முடிந்ததில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிம்மதி இருந்தது. கச்சேரி நடந்திருந்தால், நான் வேலையில் இருந்த நாளில் எங்கள் நாளிதழ்ப் பக்கத்தில் படத்தோடு வந்திருக்கும். நடக்காத கச்சேரிக்கு நாங்கள் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை.

ஆவணியில் பட்டறையில் ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலையை நிறுத்தினார்கள். ஒரு நாள் துணி எடுக்க மாடிக்குப் போனபோது, என் கணவர் மாலை வெயிலில் தெருமுனை திரும்பி வருவதைப் பார்த்தேன். நிழல் அவருக்கு முன்னால் நீண்டு விழுந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில், வேலை நாளில், அந்தத் தெருவில் அவர் நிழலை நான் பார்த்ததில்லை. எப்போதும் விளக்கு போட்ட பிறகுதான் வருவார். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு சனிக்கிழமையும் விடுமுறை ஆயிற்று. அவர் வீட்டில் இருந்த அந்தச் சனிக்கிழமைகளில் நாங்கள் மிக மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

குழந்தையைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஆயுத பூஜை வரைக்கும் பாப்போம். முதலாளி எப்பவும் பூஜையன்னிக்குத்தான் எதையும் சொல்லுவாரு." மருத்துவரிடம் கேட்டேன். அதுவரை பொறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவருடைய கூட்டாளி வந்தார். பக்கத்து மெசின்காரர், என் கணவரைவிட மூத்தவர், வெள்ளானூர்க்காரர். அவர்கள் குடும்பத்துக்கு அங்கே நிலம் இருந்தது. இப்போது அதில் மனைகள் இருக்கின்றன. மொபெட்டை நிறுத்துவதற்கு முன்பே கீழேயிருந்து கத்தினார்.

"மச்சான்! மேட்டர் தெரியுமா? மொதலாளி பெயின்ட்காரன கூட்டாந்துகிறாரு. எல்லா மெசினுக்கும் பச்ச பெயின்ட்டு. ஒண்ணு உடாம!"

"பூஜைக்கா?" என்று கேட்டார் என் கணவர்.

"பின்ன, உன் கல்யாணத்துக்கா? வருசா வருசம் வேஸ்ட் துணில எண்ணெய தொட்டுகினு நாமதான் தொடச்சிகினு கெடந்தோம். இந்த வாட்டி பெயின்ட்டு! மூட்ற கம்பெனிக்கு எவன்னா பெயின்ட் அடிப்பானா?"

நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "மூடலன்னு முதலாளி வாயால சொன்னாராண்ணா?"

"பாத்தியா மச்சான், பேப்பர்காரி கேக்குற கேள்விய! தங்கச்சி, நீ எல்லாத்துக்கும் ஆதாரம் கேப்ப. அவ்ளோ சந்தேகமா கீதுன்னா பூஜைக்கு வா. வந்து மெசின மோந்து பாரு."

எனக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது. அதற்கு என்னிடம் சொந்த ஆதாரம் இருந்தது. எங்கள் அலுவலகத்தை மூடுவதற்கு முன்பு, பழுதான பிரிண்டரைக்கூட அவர்கள் சரிசெய்யவில்லை. விளக்கு எரியாமல் போனால் அடுத்த மேசைக்கு நகர்ந்து உட்காரச் சொன்னார்கள். மூடப்போகிறவர்கள் செலவு செய்ய மாட்டார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கூட்டாளி போன பிறகு என் கணவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். "வெச்சுக்கலாமா?" என்றார்.

"வெச்சுக்கலாம்" என்று சொன்னேன். சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். வாரக்கணக்கில் இறுகிப்போயிருந்த வீடு அது. மகள் ஓடிவந்து என்ன என்று கேட்டாள். "உனக்குத் தம்பி வேணுமா, தங்கச்சி வேணுமா?" என்றார் அவர்.

"சைக்கிள்" என்றாள் அவள்.

பூஜையன்று குடும்பத்தோடு வரச் சொல்வது அந்தப் பட்டறையின் வழக்கம். பட்டரவாக்கத்தில் ரயில் இறங்கி நடந்தோம். வழியில் சில பட்டறைகளில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. சிலவற்றின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எங்கள் பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காயில் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். உள்ளே சாம்பிராணியும் பெயின்ட்டும் சேர்ந்து நெடி அடித்தது. எனக்கு அப்போது எந்த நெடியும் ஆகாது. புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு என் கணவரின் மெசின் அருகே போய் நின்றேன்.

பச்சை பளபளவென்று இருந்தது. முன்பக்கமும் பக்கவாட்டும் மட்டும். சுவரைப் பார்த்த பின்பக்கத்தில் பழைய எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. மெசினைச் செய்த கம்பெனியின் பெயரும் மாடல் எண்ணும் உள்ள தகட்டின் மேல் ஒரு துளி பெயின்ட் இல்லை. காகிதம் ஒட்டி மறைத்துத்தான் அடித்திருக்க வேண்டும். பிறகு யாரோ தகட்டைத் தேய்த்து மின்ன வைத்திருந்தார்கள். அடுத்த மெசினைப் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்தேன். எல்லாத் தகடுகளும் மின்னின.

ஓட்டுகிறவனுக்கு அந்தத் தகடு தேவையில்லை. மகளின் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

பூஜை முடிந்தது. ஒவ்வொருவரும் தத்தம் மெசினுக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். சூடம் காட்டி, பொரியும் இனிப்புப் பெட்டியும் கொடுத்தார்கள். முதலாளி எதுவும் சொல்லவில்லை. அப்போதுதான் அந்த இரண்டு பேரைக் கவனித்தேன். பூஜையின்போது ஓரமாக நின்றவர்கள். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் நேராக மெசின்களிடம் போய், தகடுகளைப் போனில் படம் எடுத்தார்கள். சாமியை எடுக்கவில்லை. மாலையை எடுக்கவில்லை. தகட்டை மட்டும் எடுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் முதலாளியிடம் தாழ்ந்த குரலில், "கரன்ட்ல போட்டுப் பாத்துட்டா முடிச்சுடலாங்க" என்றார். கோயம்புத்தூர்ப் பேச்சு.

முதலாளி என் கணவரைப் பார்த்தார். "தம்பி, உன் மெசின ஒரு தரம் ஓட்டிக் காட்டிடு."

ஆயுத பூஜையன்று பொட்டு வைத்த மெசினை யாரும் ஓட்டுவதில்லை. மறுநாள் மறுபூஜை செய்து எடுத்த பிறகுதான் தொடுவார்கள். அது வரை ஒரு ஸ்பானரைக்கூட எடுக்க மாட்டார்கள். கூட்டாளிதான் முதலில் பேசினார்.

"இன்னிக்கா சார்? பொட்டு வெச்சிகீது சார். இன்னிக்கு கை வெக்கக்கூடாது."

"எனக்கும் தெரியும்ப்பா" என்றார் முதலாளி. அவர் நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. "இவங்க சாயங்காலம் ஊருக்குக் கிளம்பறாங்க. வழியெல்லாம் மெசினுங்க விலைக்கு நிக்குது. இன்னிக்கு விட்டா இந்த விலை வராது. உங்களுக்குக் குடுக்க வேண்டியதெல்லாம் இதுலதான் குடுக்கணும். வேற எதுவும் எங்கிட்ட இல்ல."

அப்படித்தான் அவர் சொன்னார். மூடுகிறேன் என்ற வார்த்தை கடைசிவரை அவர் வாயில் வரவில்லை. ஒவ்வொருவர் கையிலும் பொரிப் பொட்டலம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

என் கணவர் தன் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். மெசினிடம் போனார். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு கணம் கைகளைக் குவித்தார். சுவிட்சைப் போட்டார்.

மெசின் ஓடியது. ஓர் இரும்புத் துண்டை மாட்டிச் சீவிக் காட்டினார். இரும்புச் சுருள்கள் சந்தனத்தின் மேல் விழுந்தன. வந்தவர்கள் குனிந்து காது கொடுத்துக் கேட்டார்கள். "சத்தம் சுத்தமா இருக்குங்க" என்றார் ஒருவர்.

"ஓட்றவன் கை அப்டி" என்றார் கூட்டாளி. "வேணும்னா அதையும் சேத்து லாரில ஏத்திகினு போயேன் நைனா."

யாரும் சிரிக்கவில்லை. மெசினை நிறுத்திவிட்டு என் கணவர் திரும்பியபோது உள்ளங்கை பச்சையாக இருந்தது. கைப்பிடி இடுக்கில் பெயின்ட் இன்னும் காய்ந்திருக்கவில்லை.

ரயிலில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பொரி தின்றாள். அவர் மண்ணெண்ணெய் தொட்டுக் கையைத் துடைத்திருந்தார். அந்த வாடை எங்களோடு வந்தது. அண்ணனூர் தாண்டும்போது, "நாளன்னிக்கு டாக்டரப் பாக்கணும்ல?" என்றார். என்ன சொல்வதற்காகப் பார்க்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன். செய்திக்காக எத்தனையோ பேரிடம் கேட்கக்கூடாத கேள்விகளையெல்லாம் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து டீ போட்டேன். டம்ளரை அவர் முன் வைத்துவிட்டுச் சொன்னேன்: "இன்னும் நேரம் இருக்குங்க. மாத்திக்கலாம்."

"என்னத்த மாத்திக்கறது?"

"அன்னிக்கு பெயின்ட்ட நம்பித்தான சரின்னு சொன்னோம்."

அவர் டீயைக் குடிக்கவில்லை. ஆடை படிந்தது. "பெயின்ட்டு பொய்யின்னே வெச்சுக்க. அன்னிக்கு நீ சிரிச்சியே, அது?" என்றார். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நெஞ்சு அடிக்குது, தொட்டுப் பாரு" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் சொன்னது பொய்ச் செய்திதான். ஆனால் அதைக் கேட்டபோது எங்களுக்கு என்ன வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு மறுப்பு வெளியிட வழியில்லை. வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால், அந்தக் குழந்தை எங்களுக்கு வேண்டும் என்று தெரிந்தே செய்ததாக இருந்திருக்கும். எங்களைவிடத் துணிந்தவர்கள் அதைச் செய்திருக்கலாம். எங்களைவிட விவரமானவர்களும்தான்.

மருத்துவர் பூஜை விடுமுறை முடிந்து வந்திருந்தார். "என்ன முடிவு பண்ணீங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "வெச்சுக்கறோம் மேடம்" என்றார். குரல் உடைந்து, பாதி கேட்கவில்லை. மருத்துவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நானும் ஒருமுறை சொன்னேன். சத்து மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்.

கீழேயே மருந்துக்கடை. கடைப் பையன் சீட்டை வாங்கிப் பார்த்து அட்டைகளை எடுத்து வைத்தான். என் கணவர் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாதி போதும்" என்றார்.

"ஒரு மாசத்துக்கு எழுதிகிறாங்க சார்."

"தெரியும். இப்ப பாதி குடுங்க. மீதிய அப்புறம் வந்து வாங்கிக்கறேன்."

கையோரமாகவே கத்தரிக்கோல் இருந்தது. பையன் ஒவ்வொரு அட்டையையும் நடுவே வெட்டி ஒரு பாதியைக் கவரில் போட்டான், மறுபாதியை ஒரு டப்பாவில் போட்டான். அந்த டப்பாவில் ஏற்கெனவே பல பாதி அட்டைகள் கிடந்தன. படியில் நின்று, பழக்கத்தில், அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைத் தேடினேன். அது மறுபாதியில் இருந்திருக்க வேண்டும்.