ஒரு சாண் பட்டை

பட்டையின் நுனியை மடித்து, அவள் இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, வலக்கை தையல் மெஷினின் சக்கரத்தை மெதுவாகத் திருப்பியது. மூன்று மடிப்பு நைலான். மணிக்கட்டை உரசாமலிருக்க உள்ளே ஒரு துண்டு பருத்தித் துணி. அவசரப்பட்டுக் காலால் மிதித்தால் ஊசி முறியும். ஒவ்வொரு தையலாகத்தான் இறக்க வேண்டும்.

பை ரிப்பேர் கடையில் அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருடம். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. வந்த பைகளைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். கைப்பிடி எந்த இடத்தில் அறுந்திருக்கும் என்பதைப் பையைக் கொண்டுவருபவரின் நடையை வைத்தே சொல்லிவிடுவாள். பள்ளி மைதானத்தில் ஓடியவள்தான். பதினேழு வயதில் வேலைக்கு வந்தபின் பஸ்ஸுக்காகக்கூட ஓடியதில்லை. "அது போனா அடுத்தது" என்று நின்றுவிடுவாள்.

இந்தப் பட்டையைக் கேட்டவர் எதிர்க் கட்டிடத்து அலுவலகத்தில் டெலிபோன் பார்ப்பவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. தெருவுக்கே அவர் 'ஆபரேட்டர்'. ஓடிப் பழகாதவர்களையும் ஓட வாங்க என்று உலகமெங்கும் வருடத்தில் ஒரு நாள் கூப்பிடுகிறார்களே, அந்த நாளில் அவர்கள் அலுவலகம் பூங்காவைச் சுற்றி ஓடப்போகிறது.

"கோப்பையெல்லாம் வேணாம்கா. நாற்காலிய விட்டு எழுந்தா போதும். தம்பி லீவு கிடைச்சா கூட ஓடுறேன்னு சொல்லியிருக்கான். ஆளுக்கொரு பக்கமா கையில மாட்டிக்க ஒரு பட்டை வேணும்."

எவ்வளவு நீளம் என்று இருவருக்குமே தெரியவில்லை. மாட்டி ஓடிப் பார்த்தால்தான் தெரியும். முதலில் ஒரு முழம். தொய்ந்து காலைத் தட்டியது. அடுத்தது நான்கு விரல். தோளும் தோளும் முட்டிக்கொண்டன. மறுமுனையை அவள் மாட்டிக்கொள்ள, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கடையிலிருந்து தெருமுனை வரை ஓடித் திரும்பினார்கள். ஒரு சாண் வைத்த அன்று, ஆபரேட்டரின் இடக்கையும் அவளது வலக்கையும் ஒன்றாக முன்னே போய் ஒன்றாகப் பின்னே வந்தன.

"குழி! இந்தப் பக்கம் வாங்க! சைக்கிள்! நில்லுங்க!"

"அக்கா, பஸ் கண்டக்டர் மாதிரி கத்தாதீங்க. டிக்கெட் கேட்டுடுவீங்க போலிருக்கு."

சிரிப்பில் மூச்சு வாங்கியது. நீளம் அன்றே முடிவாகிவிட்டது. ஆனாலும், "இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று அவள் மேலும் எட்டு நாள் ஓடினாள்.

வீட்டில் கணவர் கேட்டார்: "என்ன, நடை ஒரு தினுசா இருக்கு?"

"மெஷின் பெடல் இறுகிப்போச்சு."

"எண்ணெய் விடு."

"விட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"தம்பி லீவு என்னாச்சு?" என்று ஆபரேட்டரை ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டாள். கேட்கும் குரலில் அக்கறை இருக்கும். கிடைக்காமல் போகட்டும் என்று உள்ளே ஒன்று வேண்டிக்கொள்ளும். அது தெரிந்து அவளுக்கே வெட்கமாக இருக்கும். 'நான் வரட்டுமா?' என்பது பலமுறை நாக்கு நுனிவரை வந்தது. கூடப்பிறந்தவன் ஆசையாக வருகிறேன் என்னும்போது எப்படிக் கேட்பது?

கடைசித் தையலை இறக்கி நூலை வெட்டிய நேரத்தில் ஆபரேட்டர் வந்தார். கூடவே தோளில் பயணப் பையோடு வாட்டசாட்டமான ஒருவன்.

"அக்கா, தம்பி வந்துட்டான்! நாளைக்கு ஓட்டம்!"

"வாங்க தம்பி" என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது.

பட்டையின் ஒரு முனை வளையம் ஆபரேட்டரின் மணிக்கட்டில் கச்சிதமாகப் பொருந்தியது. மறுமுனை வளையம் தம்பியின் விரல்முட்டிகளோடு நின்றுவிட்டது.

"என்னக்கா இது, சின்னப் பிள்ளைக்குத் தைச்சீங்களா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். யாரையும் கேட்காமல், அளவு நாடாகூட எடுக்காமல், தன் மணிக்கட்டுக்குத் தைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் அடுத்தவர் சாமானை இப்படித் தைத்ததில்லை.

"அளவு தப்பிப்போச்சு, தம்பி. கால் மணி நேரம் கொடுங்க."

ஆபரேட்டர் கை நீட்டி அந்த வளையத்தை வாங்கினார். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் தையலைப் பிரித்தாள். பெரிய வளையமாகத் தைத்து முடிப்பதுதான் சுலபம். ஆனால் டப்பாவைக் கிளறி, பள்ளிப் பைகளின் தோள்வாரில் வருமே, இழுத்தால் இறுகும் பக்கிள், அதில் ஒன்றை எடுத்துக் கோத்தாள். மறுபடியும் சக்கரத்தைக் கையால் திருப்பினாள். தம்பி மாட்டிப் பார்த்து, "இப்ப சரியா இருக்கு" என்றான்.

"அக்கா," ஆபரேட்டர் கேட்டார், "இதை எவ்வளவு சின்னதா இறுக்கலாம்?"

அவள் நூல் பிசிரைப் பல்லால் கடித்து எடுத்தாள்.

"என் கை அளவுக்கு வரும்."

"வரட்டும்கா. இவனுக்கு லீவு மூணே நாள்தான். அதுக்கப்புறமும் நான் ஓடணும்ல."

பட்டையை இரண்டாக மடித்து ஆபரேட்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.