தார் காய்ச்சியவரின் பட்டாளம்

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ரோட்டுக்குத் தார் போடும் வேலையில் நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்துநாலோ இருபத்தைந்தோ வயது. சரியாகச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சாமல்பட்டி ரயிலடியில் மூட்டை தூக்கினேன். பிறகு பெங்களூர்ப் பக்கம் செங்கல் சூளையில் ஒரு மழைக்காலம் இருந்தேன். அங்கிருந்து ஓசூர் வழியாக நடந்து வரும்போது ரோட்டு வேலை கண்ணில் பட்டது. நின்றுவிட வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. கஞ்சிக்கு வழி இருந்தது, நின்றேன்.

காலியான தார் பீப்பாய்களைப் பிளந்து, தட்டி நிமிர்த்தின தகரத்தில் ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். அதில் நானும் தார் காய்ச்சுகிறவரும் இருந்தோம். மற்ற கூலிகள் குடும்பத்தோடு வந்தவர்கள். அவரவர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஏரிக்கரையில் குடிசை போட்டுக்கொண்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அப்படிச் சேர்ந்துகொள்ள ஒரு ஊர் கிடையாது.

அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். டீக்கடைக்காரரிடம் தெலுங்கு பேசுவார். மைசூர்ப் பக்கத்திலிருந்து ஜல்லி கொண்டுவருகிற வண்டிக்காரர்களிடம் கன்னடம். என்னிடம் தமிழ். கையில் தார் தெறித்துவிட்டால் இந்துஸ்தானியில் திட்டுவார். எது அவருடைய சொந்தப் பேச்சு என்று கண்டுபிடிக்க முடியாது. எந்த ஊர் என்று ஒருமுறை கேட்டேன். "ரோட்டுக்காரனுக்கு ரோடுதான்டா ஊரு, சோத்த எறக்கு, அடி புடிக்கப்போவுது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பாரோ என்ற பயம் எனக்கு. நான் சேரியில் பிறந்தவன். குருபரப்பள்ளியில் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் போல எனக்கும் கண்ணாடி கிளாசில்தான் டீ வந்தது. அவர் என்னைக் கேட்காமல் இருந்ததற்கும் அதேபோல ஒரு காரணம் இருந்ததா, இல்லை அவருக்குக் கேட்கவே தோன்றவில்லையா, தெரியாது.

ஒரு வருடத்துக்கு மேல் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டோம். அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு காலை, அடுப்புக்கு விறகு எடுக்கக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

கூலிகள் வந்து பார்த்தார்கள். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் தொடவில்லை. கெட்ட மனிதர்கள் என்று சொல்லமாட்டேன். அது யார் தொடவேண்டிய பிணம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் மணியக்காரர் வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைத்தான் கேட்டார்.

"இவன் என்ன சாதிடா?"

"தெரியலீங்க."

"ஒண்ணா ஆக்கித் தின்னுட்டு தெரியலேன்றியா? ஊருக்கு ஒரு சுடுகாடு இருக்குது, ஏரிக்கு அந்தண்ட சேரிக்கு ஒண்ணு இருக்குது. வாயில்லாப் பூச்சியாட்டம் கெடக்கறவன எதுல கொண்டுபோய் வெக்கிறது? நாளைக்கு வேற சாதின்னு தெரிஞ்சா என்னை ஊர்ல வெச்சுப் பாப்பாங்களா?"

"அப்போ என்ன பண்றதுங்க?"

"பொழுது சாயற வரைக்கும் பாப்பேன். யாரும் வரலேன்னா அனாதைப் பொணம்னு ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்பிருவேன். வண்டியில போட்டுக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோயிருவாங்க. ஆஸ்பத்திரிக்காரன் பாத்துக்குவான்."

செங்கல் சூளையில் இருந்தபோது அப்படிப் போன ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கூடப் போக ஒருவரையும் விடவில்லை. பாயில் சுருட்டி, கரும்புக் கட்டு ஏற்றுவதுபோல ஏற்றினார்கள். எங்கே புதைத்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, எந்த நாள் போனது என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். இவர் அப்படிப் போகக்கூடாது என்று எனக்குப் பட்டது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. நானும் ஒருநாள் ஏதாவது ஒரு கொட்டகையில் அப்படித்தான் கிடப்பேன் என்பதும் அதில் இருந்திருக்கும்.

அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு சட்டை, சவரக் கத்தி, ஒரு புகையிலை டப்பா. காகிதம் ஒன்றும் இல்லை. டப்பாவுக்குள் புகையிலைக்குப் பதில் வெள்ளியைப் போலப் பளபளக்கும் வட்டம் ஒன்று, சாயம் போன நாடாவோடு இருந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்கார ராஜாவின் தலை. மறுபக்கம் ஒரு சிங்கம் ஏதோ பிராணியை மிதித்துக்கொண்டு நின்றது. ஓரத்தில் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து.

"பட்டாளத்து மெடல்பா இது!" என்றார் டீக்கடைக்காரர். "இவரு பட்டாளத்தானா? ஒரு வருஷமா டீ குடிக்கிறாரு, ஒரு வார்த்தை சொல்லலியே!" பிறகு மணியக்காரரைப் பார்த்து, "கவலைய விடுங்க. பட்டாளத்துல சாதிவாரியாத்தான் ஆள் எடுப்பான். எங்க சின்ன மாமன் சொல்லியிருக்காரு. எந்தப் பட்டாளம்னு தெரிஞ்சா சாதி தெரிஞ்சுபோச்சு" என்றார்.

மணியக்காரருக்கு அது சரியாகப் பட்டது. எனக்கும் சரியாகத்தான் பட்டது. பொழுது சாய்வதற்குள் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று டப்பாவை மடியில் கட்டிக்கொண்டேன்.

அந்த நாளில் லாரி ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்கள். டீக்கடையில் நின்ற சேலத்து டிரைவர் ஒருவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்பரு. இது சிப்பாய். இது ஆள் பேரு. இந்தப் பேரு வெச்சவன் நம்ம ஜில்லாவுல வீட்டுக்கு ஒருத்தன் இருப்பான். கடைசியா இருக்குது பாரு, இந்த எழுத்துதான் பட்டாளம். எனக்குப் புரியல. எங்களுது இல்ல." லாரியைக் கிளப்பிக்கொண்டே, "ஏறு. கிருஷ்ணகிரி பழையபேட்டையில ஒரு அவில்தாரு சைக்கிள் கடை வெச்சிருக்காரு. அந்த மனுசனுக்குத் தெரியாத பட்டாளம் இல்ல" என்றார்.

அவில்தார் மீசையை முறுக்கிக்கொண்டு இருப்பார் என்று எண்ணியிருந்தேன். பனியனோடு உட்கார்ந்து, ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு மெடலை வாங்கினார். கண்ணாடி போட்டு ஓரத்தைப் படித்ததும் சிரித்தார்.

"கழுதைக் கம்பெனி!"

"என்னங்க?"

"கோவேறு கழுதைடா. பர்மா மலையில லாரி ஏறாது, கழுதை ஏறும். அரிசி, தோட்டா, தண்ணி எல்லாம் கழுதை மேல. கழுதைக்குப் பின்னால இவனுங்க. கொடுத்துவெச்ச கழுதைங்க, அதுக்காவது தீனி நேரத்துக்கு வரும்."

"அந்தக் கம்பெனியில என்ன சாதிக்காரங்கள எடுப்பாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குக் கேக்கறே?"

சொன்னேன். காலையில் செத்ததையும், பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனுக்கு எழுதிவிடுவார்கள் என்பதையும். டியூபை மறந்துவிட்டுக் கேட்டார்.

"எங்க பட்டாளமா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பேன். கம்பெனிக்கு ஒரு வகையறா, அடுப்பே தனித்தனி. இது அப்படியில்ல தம்பி. சண்டை முத்திப்போன நேரத்துல சேத்த கும்பலு. கை ரெண்டு, காலு ரெண்டு இருந்தா போதும்னு எடுத்தான். மேல்சாதிக்காரன் வீட்டுல கோவிச்சுக்கிட்டு வந்து கழுதை ஓட்டினான். சேரிக்காரன் சோத்துக்கு வந்து ஓட்டினான். எல்லாருக்கும் ஒரே லத்தி, ஒரே சாணி."

"உங்களுக்கு இவர யாருன்னு தெரியுங்களா?"

"கழுதைக்காரங்ககிட்ட நாங்க பேசமாட்டோம்" என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு மெடலின் நாடாவை விரலால் நீவினார். "எங்களுக்குப் பதினோரு நாள் சோறு கொண்டுவந்து போட்டவனுங்க. ஒருத்தன் மூஞ்சி ஞாபகம் இல்ல, பாரு."

நீங்கள் ஒருதரம் வந்து, இவர் பட்டாளத்துக்காரர், மரியாதையாக எடுங்கள் என்று மணியக்காரரிடம் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"வந்து? எந்தச் சாதின்னு அந்த ஆளு கேப்பான். நான் என்னத்தச் சொல்ல? பட்டாளத்துச் சாதின்னு ஒரு சுடுகாடு இருக்குதா?"

மெடலை வேட்டியில் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தார். நான் போகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

திரும்பும்போது லாரி ஒன்றும் நிற்கவில்லை. நடந்தேன். கானல் அலையடித்தது. நாங்கள் போட்ட தார் காலில் ஒட்டியது. வழியில் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டார். எங்கே போகிறாய் என்று கன்னடத்தில் கேட்டார். எங்கள் அண்ணன் செத்துப்போனார் என்றேன். அந்தச் சொல் வாயில் தானாக வந்தது. "யார் மனெ?" என்றார். யார் வீடு என்று கேட்கிறார். இறங்கி நடந்தேன்.

நடந்துகொண்டே எண்ணிப்பார்த்தேன். அவர் யார் என்று எந்தப் பட்டாளமும் சொல்லாது. அப்படியானால் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் அவருக்கு ஒரு குழி கிடைக்கும். எனக்கு அந்த ஊர் இல்லாமல் போகும். ஊர் போவது பெரிதில்லை, எத்தனையோ போயிருக்கிறது. ஆனால் அவர் மேல்சாதிக்காரராக இருந்து, இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் எழுந்து என்னை அறைவாரோ என்றும் இருந்தது. அதை அவரிடம் கேட்க முடியாது. உயிரோடு இருந்தபோதே கேட்டிருக்கலாம்.

கொட்டகைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மணியக்காரர் புளியமரத்தடியில் இருந்தார். அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர்.

"என்னடா, தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க. எங்க ஆளுதான்."

"எங்க ஆளுன்னா?"

சொன்னேன். என் சாதியைச் சொன்னேன், என் ஊரைச் சொன்னேன், என் அப்பன் பெயரைச் சொன்னேன். கூட்டம் இரண்டடி பின்னால் போனது. என்னோடு ஜல்லி அள்ளியவர்கள்தான். டீக்கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, நாயே" என்றார் மணியக்காரர். ஆனால் அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எழுந்து துண்டை உதறினார். "போ, உங்க ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வா. சீக்கிரம் எடுங்க."

ஏரிக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. நாலு பேர் வந்தார்கள். வருமுன் என்னை நிறையக் கேட்டார்கள். எந்த ஊர், யார் வகையறா, யாரிடம் பெண் எடுத்தீர்கள் என்று. என் ஊர் விவரத்தையே செத்தவருக்கும் சேர்த்துச் சொன்னேன். மூங்கிலை வெட்டிப் பாடை கட்டினார்கள். நான் அவரைக் குளிப்பாட்டினேன். முழங்கைக்குக் கீழே தார் போகவே இல்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் போகும்போது என் முன்னால் தோள் கொடுத்தவர், திரும்பாமலே மெல்லக் கேட்டார்.

"நெசமா நம்ம ஆளுதானா தம்பி?"

"தெரியாதுண்ணா."

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். பாடையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"கனமாத்தான் இருக்கறான்" என்றார். "பாத்து வா, இங்க கல்லு."

குழி வெட்டுகிறவர் தன் கூலியாக நெற்றிக்காசு கேட்டார். என் மடியில் காசு இருந்தது, ஆனால் அவசரத்தில் டப்பாதான் கைக்கு வந்தது. அவர் டப்பாவை வாங்கித் திறந்து, மெடலை மேற்கே பிடித்துப் பார்த்தார். "இது எந்த ராஜா காசுப்பா? செல்லாத ராஜாவ வெச்சு எனக்கு என்ன பண்ண? எடுத்துக்க, எடுத்துக்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலையிலிருந்து அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. காசைக் கொடுத்தேன். மெடல் என்னிடமே இருந்தது. இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு பெங்களூரில் ஒரு சத்திரத்தில் யாரோ திருடிக்கொண்டு போனார்கள்.

தம்பி முறையில் தண்ணீர்க் குடம் உடைத்தேன். அவர்கள் நாலு பேரும் குளித்துவிட்டு, இருட்டுவதற்குள் போய்விட்டார்கள். அவர்கள் வீடுகளில் ஒன்றில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போகவில்லை. அவர்களிடம் பொய் சொல்லி ஆள் சேர்த்துவிட்டு, அவர்கள் சோற்றையும் தின்ன மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் பழக்கத்தில் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வாசலில் கோணிச்சாக்கை விரித்து, இருக்கிற கிளாசையெல்லாம் வெளியே கவிழ்த்து வைத்திருந்தார். அவர் மனைவி சாம்பலும் புளியும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் நின்று தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். அந்த ஆள் எந்த கிளாசில் குடித்தான், இவன் எந்த கிளாசில் குடித்தான், ஒரு வருடமாகக் குடித்திருக்கிறார்களே, எதைத் தூக்கி எறிவது, எதை வைத்துக்கொள்வது என்று. எல்லா கிளாசும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "ரெண்டு பேருமா?" என்றார்.

"ஆமாங்க, ரெண்டு பேரும்தான்" என்றேன்.

கொல்லைப்பக்கம் போனார். பந்தக்காலில் மாட்டியிருந்த தகரக் குவளையை எடுத்து, டீ ஊற்றி, தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அதை எடுத்துக் குடித்தேன். சர்க்கரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தார்.