இரண்டாவது பெட்டியின் மௌனம்

போன செவ்வாய்க்கிழமை மதியம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு முறை பேசினேன். ஒரு முறைகூட வெளியே கேட்கவில்லை.

அனுமந்தையில் எங்கள் மீனவக் குப்பத்துக்கு ஒலிபெருக்கியில் அலைச் செய்தி சொல்வது என் வேலை. சுனாமிக்குப் பிறகு வந்த ஏற்பாடு. ஆட்களைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது; மைக் என்றால் அறைக்குள்ளேயே உட்கார்ந்து பேசிவிடலாம். அதிலும் ஒரு கஞ்சத்தனம்... கடல் மோசமாக இருந்தால் மட்டும்தான் பேசுவேன். நன்றாக இருப்பதை எதற்குச் சொல்ல வேண்டும்?

அன்று செய்தி போனில் வந்தது. சாயங்காலத்துக்குள் அலை பத்தடிக்கு மேல் எழும்பும். ஜன்னல் வழியே பார்த்தால், என் கொழுந்தன் செல்வம் மூன்று பேரோடு படகைத் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

மைக்கில் உயிரே இல்லை.

அறையில் இரண்டு கன்வெர்ட்டர் பெட்டிகள் உண்டு — பேட்டரி கரண்ட்டை மாற்றித் தருபவை. ஒன்று கம்ப்யூட்டருக்கு, இன்னொன்று ஒலிபெருக்கிக்கு. முன்பு இரண்டும் தத்தம் இஷ்டத்துக்கு ஓடியதில் ஒலிபெருக்கியில் ஓயாத விசில். மெக்கானிக் தம்பி வந்து நடுவே ஒரு ஒயரை இழுத்தார். இரண்டாவது பெட்டியின் பின்னாலிருந்த சுவிட்சை 'எக்ஸ்டர்னல்' பக்கம் தள்ளினார். இனிமேல் இது முதல் பெட்டியின் தாளத்துக்குத்தான் ஓடும் என்றார். விசில் நின்றது. திங்கட்கிழமை அந்த முதல் பெட்டியை ரிப்பேருக்கு எடுத்துப்போனவரும் அவர்தான்.

வாசலுக்கு வந்து கத்தினேன். கத்திப் பழகாத குரல். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சேர்வதற்குள் படகு போய்விடும். தண்ணீரில் இறங்கியவன் கையில் போனும் இருக்காது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, மறந்துட்டேன்க்கா. அது இன்னும் அந்தப் பெட்டிக்காகக் காத்துக்கிட்டு இருக்குது. ஆஃப் பண்ணிட்டு, சுவிட்சை இன்டர்னல்ல போடுங்க. தானா ஓடும்."

"விசில் வருமாப்பா?"

"ஒத்தையா ஓடுனா எங்கக்கா விசில் வரும்?"

அணைத்தேன். தள்ளினேன். போட்டேன். பச்சை விளக்கு!

"செல்வம், தள்ளாத. திரும்பு" — முதலில் அதுதான் வாயில் வந்தது. அலை எத்தனை அடி என்பதெல்லாம் பிறகுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

சாயங்காலம், மேட்டில் ஏற்றி வைத்த படகுவரை நுரை வந்தது. செல்வம் அறைக்கு வந்தான். முகத்தில் கோபமில்லை.

"நீங்க பேசலன்னா கடல் நல்லா இருக்குதுன்னுதானே அண்ணி அர்த்தம்? அதான் கெளம்புனோம்."

சுவிட்சை மறந்தது மெக்கானிக். ஆனால் என் மௌனத்துக்கு அப்படி ஓர் அர்த்தத்தை ஊருக்குப் பழக்கிவிட்டது யார்? கூச்சம் நம்மோடு போய்விடும் என்று நினைக்கிறோம். நம் வாயைப் பார்த்து நாலு பேர் நிற்பது தெரிவதே இல்லை.

இப்போது தினமும் பேசுகிறேன். நேற்று, "கடல் நல்லா இருக்குது" என்று சொன்னேன். "அதான் தெரியுதே" என்று கரையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

கத்தட்டும். நாளைக்கும் சொல்வேன்.