ஏரோப்ளேன் கொல்லை

எங்கள் லாட்ஜுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் மலை தெரியும் அறையைத்தான் கேட்பார்கள். மலை தெரியாத அறை வேண்டும் என்று கேட்டவர் அந்த அம்மாள் ஒருவர்தான். எழுபது வயதிருக்கும். ஒல்லியான உயரமான உருவம். கையில் ஒரு தோல்பை, அதற்குள் ஒரு காக்கி உறை.

திருவண்ணாமலை வேலூரிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வேறு வேலை கிடைக்காததால், கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணைக்குப் போய் மொழிபெயர்ப்பதும் என் வேலையாகிவிட்டிருந்தது. பெரும்பாலும் சாமியார்களிடம்தான் கூட்டிப்போகச் சொல்வார்கள். இந்த அம்மாளோ மறுநாள் காலை உறையைத் திறந்து, விமானப்படை உடுப்பில் சிரிக்கிற ஒரு இளைஞனின் படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“என் தம்பி. இங்கே எங்கேயோதான் கிடக்கிறான்” என்றார் ஆங்கிலத்தில்.

இரண்டாம் உலகப்போரின்போது அவன் விமானி. சென்னைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பியவன் ஐப்பசி மழையில் வழி தவறியிருக்கிறான். தனியாக நிற்கும் ஒரு பெரிய மலை தெரிகிறது என்பதுதான் அவன் கடைசியாக ரேடியோவில் சொன்னது. அதற்குப் பிறகு தகவல் இல்லை. போர் முடிந்ததும் ராணுவத்தார் தேடிவிட்டு, கல்லறை இன்ன இடம் என்று தெரியவில்லை என்று வீட்டுக்கு எழுதிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் அந்தக் கடிதத்தோடே செத்துப்போனார்கள். இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வுபெற்று, உடம்பு இன்னும் நடமாடும்போதே வந்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். வந்த மாதமும் ஐப்பசிதான்.

பதினோரு நாள் அலைந்தோம். கலெக்டர் ஆபீஸில் பழைய கட்டுகள் வேலூரில் இருக்கும் என்றார்கள். வேலூரில் அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். அடி அண்ணாமலையிலிருந்து செங்கம் ரோடு வரை ஊர் ஊராக விசாரித்தோம். எல்லாரும் ‘தெரியாதுங்க’ என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் ஒரு சின்ன டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொள்வார். ஊர்க்காரர்களின் குரல் ஞாபகத்துக்கு வேண்டும் என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் நாள் கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் வேர்க்கடலைத் தரகர் ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“பிளேனா? எங்க ஊர்ல ஏரோப்ளேன் கொல்லைனே ஒண்ணு இருக்குதே. ஏன் அந்தப் பேருனு யாரும் கேட்டதில்ல. மணியக்காரர் வூட்டு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அங்கிருந்து ஆறேழு மைல். ஏரிக்கரைக்குக் கீழே மானாவாரி நிலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் போட்டிருந்தார்கள். செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண்களில் ஒருவர்தான் பழைய மணியக்காரரின் மகள். அறுபதைத் தாண்டியவர். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனை இழந்து அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவராம். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார். நெடுநேரம் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தார்.

“கூடப் பொறந்தவங்களா?”

“ஆமாம்மா.”

“உக்காரச் சொல்லு கண்ணு. நான் சொல்றேன். நான் சொல்றத அப்பிடியே சொல்லணும்.”

சாக்கை விரித்து உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன்.

“நாலு நாளா மழ. மத்தியானம் இடி மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா இந்தக் கொல்லையில கெடக்குது. மூணு பேரு. ரெண்டு பேரு அப்பவே போய்ட்டாங்க. ஒருத்தருக்கு உசுரு இருந்துச்சு. சின்ன வயசு, மீசகூட சரியா மொளைக்கல. முடி துரு மாதிரி செவப்பு.”

அதற்கு முந்தின நாள்தான் காரில் அந்த அம்மாள் சொல்லியிருந்தார், தம்பிக்கும் தனக்கும் அம்மாவின் சிவந்த முடி என்று.

“வண்டி கட்டித் திருணாமலைக்கு எடுத்துட்டுப் போலாம்னு சில பேரு சொன்னாங்க. எங்க நைனாதான் மணியக்காரரு. அவரு வேணாம்னுட்டாரு. வழியில செத்துட்டா நம்மதான் கொன்னோம்னு வெள்ளக்காரன் புடிச்சிப்பான்னு பயம். கீத்து வெட்டி மேல போட்டு வுட்டுட்டாங்க. மறுநாள் காத்தால என்னக் காவலுக்கு உக்கார வெச்சாங்க. காக்கா வராம பாத்துக்கோனு. எனக்குப் பன்னெண்டு வயசு. அவரு இன்னாமோ பேசிக்கினே இருந்தாரு. கைய நீட்டினாரு. நான் புடிக்கல. பயம். மத்தியானம் பேச்சு நின்னு போச்சு.”

அவர் அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

“மூணு பேரையும் ஏரி ஓரமா பொதச்சாங்க. ரெண்டு மூணு வருசம் கழிச்சு ஜீப்புல மிலிட்டரிக்காரங்க வந்து கேட்டாங்க. ஏன் சாகவுட்டீங்கனு கேப்பாங்கனு நைனா தெரியாதுனு சொல்லிட்டாரு. ஊரே தெரியாதுனு சொல்லிச்சு. அப்புறம் ஒரு பஞ்சத்துல ஏரியத் தோண்டினப்போ எலும்பு வந்துச்சு. திரும்ப ஏரியிலயே எங்கியோ போட்டுட்டாங்க. அந்தக் கைய நான் புடிச்சிருக்கணும். அத அவங்ககிட்ட சொல்லு கண்ணு. மன்னிச்சுக்கச் சொல்லு.”

எதிரே அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷம் காத்திருந்த ஒருத்தியிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, விழுந்த நொடியிலேயே மூவரும் இறந்துவிட்டார்கள் என்றேன். ஊர்க்காரர்கள் மரியாதையாக அடக்கம் செய்தார்கள், இந்த அம்மா அப்போது சிறுமி, காவல் இருந்தார், ஏரியில் மண் எடுத்தபோது இடம் அழிந்துபோய்விட்டது என்றேன்.

அந்த அம்மாள் எழுந்து வந்து மணியக்காரர் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நன்றி, நன்றி என்று தன் மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவரை அழாத மணியக்காரர் மகள் அப்போதுதான் உடைந்து அழுதார். மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏரித்தண்ணீரில் கணுக்கால் நனைய இறங்கி, வெகுநேரம் நின்றார். திரும்பும்போது காரில் நன்றாகத் தூங்கினார். நான் செய்தது சரி என்றே நம்பினேன்.

எட்டு மாதம் கழித்து லாட்ஜ் முகவரிக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் ஊர் ஆஸ்பத்திரியில் இலங்கைத் தமிழ் நர்ஸ் ஒருத்தி இருந்தாளாம். ஏரிக்கரையில் பதிவான கேசட்டை அவளிடம் போட்டுக் காட்டியிருக்கிறார். அவள் முதல் தடவை கேட்டுவிட்டுச் சொல்லத் தயங்கினாளாம். இரண்டாம் தடவை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னாளாம்.

கோபமான கடிதம் இல்லை. எனக்கு அது கோபமாக இருந்திருந்தால் தேவலை. ‘அவன் எப்படிச் செத்தான் என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் நான் அவ்வளவு தூரம் வந்தேன். என்னால் தாங்க முடியாது என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள்’ என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வேண்டுகோள்: ‘அந்தப் பெண்மணியிடம் போய், எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுக் குழந்தைமேல் எனக்கு வருத்தமில்லை.’

போகாமல் ஒரு மாதம் தள்ளினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “வா கண்ணு, அந்தம்மா சௌக்கியமா?” என்று கேட்டு, உட்காரப் பலகை எடுத்துப் போட்டார். நான் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். நான் என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை.

“அப்ப அன்னிக்கு அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“நான் சொன்னதக் கேட்டுட்டுத்தான் என் கையப் புடிச்சாங்கனு நெனச்சேன்.”

நான் கடிதத்தை மடித்தேன்.

“இத்தினி மாசமா நிம்மதியா தூங்கினேன்” என்றார். பிறகு, “இப்பத் தெரிஞ்சும் மன்னிச்சுட்டாங்கனு சொல்றீங்களே, இத மட்டும் நான் எப்பிடி நம்புறது?” என்றார்.

கடிதத்தை நீட்டினேன். அவருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. ஆங்கிலக் கடிதத்தை என்ன செய்வார்? கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கிளம்பும்போது, “போய்ட்டு வாங்க சார்” என்றார். அதற்கு முன் ஒரு தடவையும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பஸ் வரும்வரை நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே நடந்ததை உள்ளபடி அந்த அம்மாளுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. மொழிபெயர்க்கப் போவதை அதோடு நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாளில் லாட்ஜையும் விட்டுவிட்டு ஒரு தனியார் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தேன்.

பத்து வருஷம் போயிருக்கும். ஒரு நடுத்தர வயதுப் பெண் பழைய லாட்ஜில் விசாரித்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். அந்த அம்மாளின் சித்தப்பா பேத்தி. அந்த அம்மாள் இறந்துபோனதாகவும், சாம்பலில் ஒரு பங்கை அந்த ஏரியில் கரைக்க எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார். கூட்டிப்போக என் பெயரைத்தான் எழுதியிருந்தாராம்.

காரில் போகும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். கீற்று மூடியது, காக்கை, நீட்டிய கை, ஜீப்பில் வந்தவர்களிடம் சொன்ன பொய், நான் சொன்ன பொய். எதையும் விடவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும், மணியக்காரர் மகள் போன தை மாதம் காலமாகிவிட்டதாகச் சொன்னார்கள். சாகும்வரை கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தாராம். அந்தக் கடிதத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

அந்த வருஷமும் மழை இல்லை. ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெடித்துக் கிடந்த களிமண்ணில் கருவேலம் முளைத்திருந்தது. ஆடுகள் மேய்ந்தன.

“எந்த இடம்?” என்றார் அந்தப் பெண்.

“தெரியாது. இதற்குள் எங்கேயோ என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது.”

அவர் செருப்போடே இறங்கி நடந்தார். நடு ஏரி வரை போய்க் குனிந்து, ஒரு வெடிப்பைத் தேர்ந்தெடுத்து, பெட்டியைச் சாய்த்துச் சாம்பலை அதற்குள் கொட்டினார். காற்றில் பறந்தது கொஞ்சம்தான். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் திரும்பி வந்தார். “போகலாம்” என்றார்.