பதினொரு கோப்பைகளும் ஒரு டப்பா எனாமலும்

என் மனைவி நாற்பது வருடங்களில் பதினொரு கோப்பைகள் சேர்த்திருந்தாள். சிவப்பும் நீலமுமான பழங்காலக் கண்ணாடி. ஒவ்வொன்றின் மேலும் தங்கப் பூச்சில் பெயர் பெற்ற ஒரு கட்டடம். தாஜ்மகால், சார்மினார், பட்டணத்துக் கலங்கரை விளக்கம். அந்தக் காலத்தில் ஊர் பார்க்கப் போனவர்கள் நினைவுக்காக வாங்கி வந்தவை. அவள் எங்கும் போனதில்லை. எனக்கு விடுப்பு இல்லை என்று சொல்லிவந்தேன். இருந்தது. எல்லாவற்றையும் பெரிய தெருவில் பழைய சாமான் கடை பாயிடம்தான் வாங்கினாள்.

போன ஆடியில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டாள். பேச்சு மட்டும் தப்பியது. இங்குள்ள ஒரு கல்லூரியில் பழம்பொருள் காட்சியறை திறக்கிறார்கள் என்று பேப்பரில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"அங்க குடுத்துடுங்க. நாலு பேராவது பார்க்கட்டும். நீங்கதான் ஒரு நாளும் பார்த்ததில்ல."

அவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம். அதுவும் எனக்குத் தெரிந்த காரியம். மனு, மூன்று பிரதிகளில் பட்டியல், உறுதிமொழி எல்லாம் தயார். எண் எழுதாத பொருளை என் பணிக்காலத்தில் எங்கும் அனுப்பியதில்லை. அலுவலக நாற்காலிக்கு எழுதுவதுபோல வெள்ளை எனாமல் பெயிண்டில் எழுதினேன். எண் பார்த்ததும் தெரிய வேண்டும் என்பது விதி. ஆகவே முன்பக்கத்தில், கட்டடத்தின் மேல்.

காட்சியறைப் பொறுப்பாளர் அம்மையார் பெட்டியைத் திறந்து ஒரு கோப்பையை வெளியே எடுத்தார்.

"சார், அடியில சின்னதா ஒரு சீட்டு ஒட்டியிருந்தா போதுமே. இத எப்படி வைக்கிறது? அழிச்சிட்டுக் கொண்டாங்க."

வீட்டில் டர்பன்டைன் ஊற்றித் துடைத்தேன். எனாமல் அசையவில்லை. அழுத்தினேன். சார்மினாரின் தங்க மினார்கள் துணியோடு போயின. துணிதான் சரியில்லை என்று வேறு துணி எடுத்தேன். மூன்றாவது கோப்பை முடிந்தபோதுதான் குற்றம் துணியில் இல்லை என்று புரிந்தது.

எல்லாவற்றையும் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். "இது சுட்டு ஏத்தின தங்கம் இல்ல சார், மேலால எழுதினது. அம்மா ஈரத்துணிகூட பட விடமாட்டாங்களே. உங்ககிட்ட சொன்னதில்லையா?"

சொல்லியிருப்பாள்.

"மீதி எட்டு?"

"கைய வைக்காதீங்க. ஜாஸ்தி கெட்டுடும்."

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்: "வாங்கிக்கிட்டாங்களா?"

"பரிசீலனையில இருக்கு."

இந்தச் சொல்லை வைத்து எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று என்னோடு வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

"அப்ப வேணாம்னுட்டாங்க," என்றாள். பிறகு, "அப்படி ஒண்ணும் அழகா இல்லையோ என்னவோ. எனக்குத்தான் பெருசா தெரிஞ்சிருக்கு."

நான் மறுக்கவில்லை.